தி ஐடல் இறுதி அத்தியாயம்: ஜோஸ்லின் ஏன் பாடவில்லை?

தாளக்கட்டு:

எச்.பி.ஓ. தொலைக்காட்சியின் தி ஐடல் தொடரின் ஐந்தாவது அத்தியாயம், அதாவது முதல் சீசனின் இறுதி அத்தியாயம், 2023 ஜூலை 2 அன்று வெளியானது. அதைப் பார்த்து முடித்ததிலிருந்து ஒரே கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது: ஜோஸ்லின் ஏன் பாடவில்லை? தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, மனம் உடைந்து, இசைப்பயணத்தை ரத்து செய்த ஒரு பாப் பாடகி மீண்டும் மேடையேறுவாளா என்பதுதான் முதல் நாளிலிருந்து நம் முன் வைக்கப்பட்ட கதை. கடைசியில் மேடையேறுகிறாள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலுள்ள சோஃபை அரங்கம் நிரம்பியிருக்கிறது. மைக்கைப் பிடித்து, இரவுக் கேளிக்கை விடுதி நடத்தியபடி அவள் வாழ்வுக்குள் நுழைந்த டெட்ரோஸைத் தன் வாழ்வின் காதல் என்று கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துகிறாள், முத்தமிடுகிறாள், ஓரமாகப் போய் நிற்கச் சொல்கிறாள். தொடர் அதோடு முடிந்துவிடுகிறது. அந்த மேடையில் அவள் குரலில் ஒரு பல்லவிகூட நம் காதில் விழவில்லை.

இதை வெறும் ஏமாற்றம் என்று சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இசைத்துறை எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் திறமை இந்தத் தொடருக்கு இருந்தது. இரண்டாவது அத்தியாயத்தில் வரும் பாடல் படப்பிடிப்பை நினைத்துப் பாருங்கள். ஜோஸ்லினின் பாதங்களில் இரத்தம் கசிகிறது. எடுத்தது போதும் என்று சுற்றியிருப்பவர்கள் சொன்னாலும் அவள் மறுபடியும் எடுக்கலாம் என்கிறாள். ஒரு கட்டத்தில் உடைந்துபோய்த் தாயைத் தேடி அழுகிறாள். அதே நேரத்தில், அதே தளத்தில், இசை நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கியின் பார்வை பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் டயான் பக்கம் திரும்புகிறது. நட்சத்திரம் கீழே சரிந்துகொண்டிருக்கும்போதே அடுத்த நட்சத்திரத்தைத் தேடத் தொடங்கிவிடும் ஒரு தொழிலின் இயல்பு முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது. யாரும் யாரையும் மிரட்டவில்லை, யாரும் விளக்கவுரை ஆற்றவில்லை.

இறுதி அத்தியாயத்திலும் பாதிவரை அந்தத் திறமை தென்படுகிறது. ஜோஸ்லினின் வீட்டு வரவேற்பறையில் டெட்ரோஸின் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாட, நிக்கியும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஃபிங்கெல்ஸ்டீனும் முதலில் அரைமனதோடு உட்கார்ந்து, பிறகு மெல்ல மெல்ல முன்னே சாய்கிறார்கள். அந்த அறையில் அதிகாரம் கைமாறுகிறது, அதுவும் பாட்டின் வழியாகவே கைமாறுகிறது. அடுத்து வரவேண்டியவை பேரம், ஒப்பந்தம், ஒத்திகை, மேடை ஆகியவைதான். அவை அத்தனையையும் கதை ஆறு வாரம் என்ற ஒற்றைத் தாவலில் விழுங்கிவிட்டது. ஜோஸ்லின்தான் எல்லோரையும் ஆட்டிவைப்பவள் என்று நம்மை நம்பச் சொல்லும் ஒரு முடிவு, அவள் ஆட்டிவைத்த காலத்தை மட்டும் காட்ட மறுத்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கடைசி_இருக்கை:

நண்பர் தாளக்கட்டு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். முடிவு ஆதாரமில்லாமல் வந்தது என்பதை மட்டும் ஏற்க இயலாது. தொடரின் முதல் காட்சி எது? புகைப்படக்காரர் ஒவ்வோர் உணர்ச்சியாகக் கேட்கக் கேட்க, ஜோஸ்லினின் முகம் அண்மைக் காட்சியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. கடைசியில் கேட்ட மாத்திரத்தில் கண்ணீர் வழிகிறது. இவள் தன் முகத்தையும் துயரத்தையும் விரும்பிய நேரத்தில் வெளியே எடுக்கத் தெரிந்தவள் என்று முதல் நிமிடத்திலேயே தொடர் நம்மிடம் சொல்லிவிட்டது. அந்தக் கண்ணீரை நாம் அன்று நம்பியதைப் போலவே டெட்ரோஸும் அவள் கதைகளை நம்பினான்.

நான்காவது அத்தியாயத்தின் பின்பகுதியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டயானை அனுப்பித் தன்னைத் திட்டமிட்டுத்தான் டெட்ரோஸின் கேளிக்கை விடுதிக்கு வரவழைத்திருக்கிறார்கள் என்று ஜோஸ்லினுக்குத் தெரியவருகிறது. அதன் பிறகு அவள் அழவில்லை, ஆளை விட்டு அடிக்கவில்லை. முன்னாள் காதலன் ராபை டெட்ரோஸின் கண் முன்னாலேயே வீட்டுக்கு அழைத்து, டெட்ரோஸை நிலைகுலையச் செய்கிறாள். கட்டுப்பாடு அவள் கைக்கு வந்தது அந்த இரவில்தான். இறுதி அத்தியாயம் அதன் விளைவை மட்டும்தான் காட்டுகிறது.

மேடையில் அவள் பாடாததும் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. அவள் பாட்டை நாம் ஏற்கெனவே பலமுறை கேட்டுவிட்டோம். அந்த மேடையில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று: தன்னை உருவாக்கியதாக நினைத்த ஒருவனை, அவனுக்குரிய இடம் எது என்று பல்லாயிரம் பேர் பார்க்கச் சுட்டிக்காட்டினாள். அதற்கு மேல் அங்கே ஒரு பாடல் வந்திருந்தால் அந்தக் கணத்தின் கூர்மை மழுங்கியிருக்கும்.

நள்ளிரவு_வாசகி:

மேடையைவிட என்னை அதிகம் காயப்படுத்தியது ஒப்பனை அறைதான். அந்தத் தலைவாரும் சீப்பைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

மூன்றாவது அத்தியாயத்தின் இரவுணவுக் காட்சியில், தாய் தன்னைச் சீப்பால் அடித்த கதையை ஜோஸ்லின் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறாள். அந்தக் காட்சியில் லில்லி-ரோஸ் டெப்பின் நடிப்பு உண்மையிலேயே சிறப்பானது. ஒவ்வொரு சொல்லையும் விருப்பமில்லாமல் வெளியே விடுபவளைப் போலப் பேசுகிறாள். பிறகு டெட்ரோஸ் அதே சீப்பை எடுத்து அவளை வதைக்கிறான். பார்ப்பதற்கே கொடுமையாக இருந்தாலும், வலியைப் பாட்டாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அதைச் சுரண்டும் ஓர் ஆணின் கதை என்பதால் அதைச் சகித்துக்கொண்டேன். இறுதி அத்தியாயத்தில் அவன் ஒப்பனை அறையில் அந்தச் சீப்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். புத்தம் புதிது. அவள் சிரிக்காமல், மறுக்காமல் நிற்கிறாள். தாய் அடித்த கதையே புனைவு என்று நாம் புரிந்துகொள்ள வேண்டுமாம்.

நண்பர் கடைசி_இருக்கை சொல்லும் முதல் காட்சியின் கண்ணீருக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கிறேன். புகைப்படத்துக்காக அழுவது அவள் தொழில். அங்கே ஏமாறுபவர் யாருமில்லை. இங்கே வதைபட்ட ஒரு பெண் சொல்லும் சாட்சியம் பொய்யாக மாற்றப்படுகிறது. அதுவும் எதற்காக? கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு திருப்பம் வேண்டும் என்பதற்காக. இந்தத் தொடரைப் பார்க்கும் பெண்களில் எத்தனையோ பேர் தங்கள் வாழ்க்கையில் ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு கதையை யாரிடமாவது சொல்லி, நம்பப்படாமல் போயிருப்பார்கள். அவர்கள் கையில் கடைசியாகக் கொடுக்கப்படும் காட்சி இதுவாக இருக்கக் கூடாது.

கதையின் கணக்கிலும் அது பொருந்தவில்லை. அடி வாங்கியது பொய் என்றால், அந்தப் பொய்யின் பெயரால் அவள் உண்மையாகவே வாங்கிய அடிகளை என்ன செய்வது? அவற்றையும் அவளே திட்டமிட்டாள் என்றால் டெட்ரோஸ் குற்றமற்றவன் ஆகிவிடுகிறான். திட்டமிடவில்லை என்றால் அவள் ஆட்டிவைப்பவள் அல்ல. இந்த இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல் தொடர் நழுவிவிட்டது.

மேடைக்குப்பின்:

நான் நிகழ்ச்சி ஏற்பாட்டுத் துறையில் இருப்பவன். ஆகவே ஆறு வாரம் என்ற கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாளக்கட்டு எழுப்பிய கேள்விக்கு விடையும் அங்கேதான் இருப்பதாகக் கருதுகிறேன்.

நியாயமாகச் சொன்னால், ஆறு வாரத்தில் அரங்கம் கிடைத்தது எப்படி என்று கேட்க முடியாது. முதல் அத்தியாயத்திலேயே ஃபிங்கெல்ஸ்டீன் இசைப்பயணத்தைப் பற்றிய கவலையோடுதான் அந்த வீட்டுக்குள் வந்து நிற்கிறார். எனவே தேதிகள் முன்பே பிடித்துவைக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய அரங்குகளுக்கு மாதக்கணக்கில், சில வேளைகளில் ஓராண்டுக்கும் முன்னதாகவே தேதி பிடிப்பார்கள். சோஃபை அரங்கம் இரண்டு அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்குச் சொந்த மைதானம் என்பதால் ஆட்டக் காலத்தில் நாள் கிடைப்பதே அரிது. பிடித்த தேதியைக் கைவிட யாருக்கும் மனம் வராது.

ஆனால் தேதி இருந்தால் மட்டும் நிகழ்ச்சி நடந்துவிடாது. ஒரு பெரிய அரங்கில் மேடையின் இரும்புச் சட்டகத்தை நிறுத்தவே சில நாட்கள் பிடிக்கும். அதனால்தான் பெரிய இசைப்பயணங்கள் இரண்டு மூன்று சட்டகங்களை வைத்துக்கொண்டு, ஓர் ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் மேடை கட்டத் தொடங்கிவிடும். மேடை வடிவமைப்பு, ஒளியமைப்பு, காணொளித் திரைகள், நடனம் ஆகிய அனைத்தும் பாடல் வரிசை முடிவான பிறகே உறுதியாகும். ஜோஸ்லினோ இசைத்தொகுப்பையே மாற்றி எழுதிவிட்டாள். தொடக்கப் பாடகர்களாக முன்பின் மேடை அனுபவமில்லாத நான்கைந்து பேரைச் சேர்த்துவிட்டாள். அந்தப் பேர்கள் எழுதிய பாடல்களின் உரிமை யாரிடம் இருக்கிறது, டெட்ரோஸிடம் அவர்கள் என்ன கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவிழ்க்கவே வழக்கறிஞர்களுக்கு ஆறு வாரம் போதாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது காப்பீடு. கலைஞர் மேடைக்கு வராமல் போனால் ஏற்படும் இழப்புக்கு ஏற்பாட்டாளர்கள் காப்பீடு எடுப்பார்கள். அதற்குக் காப்பீட்டு நிறுவனம் கலைஞருக்கு மருத்துவப் பரிசோதனை செய்யும். முன்பு ஏதேனும் கச்சேரி ரத்தானதா, ஏன் ரத்தானது என்று துருவித் துருவிக் கேட்கும். மனநிலை காரணமாக ஒரு முழு இசைப்பயணத்தையே ரத்து செய்த பாடகிக்கு அந்தக் காப்பீடு எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் எந்தக் காரணத்தால் முன்பு ரத்தானதோ அதே காரணத்தை விலக்கிவைத்துத்தான் கொடுப்பார்கள். அப்படியென்றால் ஃபிங்கெல்ஸ்டீன் தன் நிறுவனத்தின் பணத்தை நேரடியாக ஜோஸ்லினின் மனநிலை மீது பணயம் வைக்கிறார் என்று பொருள். எவ்வளவு பெரிய நாடகம் இது! இப்படிப்பட்ட பயணங்களில் செலவு போக மிஞ்சுவதில் 85 விழுக்காடோ அதற்கு மேலோகூடக் கலைஞருக்கே போகும். ஆகவே ஏற்பாட்டாளருக்கு இலாபத்தின் விளிம்பு மெலிது, இழப்பின் ஆழம் பெரிது. அந்த மனிதர் ஏன் சம்மதித்தார், எந்த நிமிடத்தில் சம்மதித்தார் என்பதைக் காட்டியிருந்தால் ஜோஸ்லினின் பலம் நமக்குத் தானாகவே புரிந்திருக்கும்.

மூன்றாம்_காலம்:

ராபைப் பற்றி யாராவது பேசியே ஆகவேண்டும். ஜோஸ்லினின் படைப்பாக்க இயக்குநர் ஸாண்டர் திட்டமிட்டு எடுக்கவைத்த ஒரு புகைப்படத்தால் அந்த மனிதனின் மீது பொய்க் குற்றச்சாட்டு விழுந்து, கிடைத்திருந்த பெரிய படவாய்ப்பும் கைநழுவுகிறது. இறுதி அத்தியாயத்தில் அது செய்தியாக வந்து போகிறது, அவ்வளவுதான். ஜோஸ்லின் அவனுக்காக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவனைச் சிக்கவைத்த ஸாண்டர் அவளுடைய குழுவிலேயே தொடர்கிறான். நள்ளிரவு_வாசகி குறிப்பிட்ட சீப்பையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், வன்கொடுமையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் எல்லாம் பொய் என்ற எண்ணத்தை ஒரே அத்தியாயத்தில் இரண்டு முறை விதைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் அதை நோக்கமாகக் கொள்ளவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் யாரோ ஒருவர் எழுத்து மேசையில் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

தாளக்கட்டு:

மேடைக்குப்பின் அவர்களின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. நான் சொல்ல விரும்பியதைத் தொழிலின் உள்ளிருந்து அவர் சொல்லியிருக்கிறார்.

கடைசி_இருக்கை அவர்களுக்கு: முதல் காட்சியின் கண்ணீரை நீங்கள் நினைவுபடுத்தியது மிகச் சரியான வாதம். அது என் குறையை மேலும் வலுவாக்குகிறது என்றே கருதுகிறேன். அந்தக் காட்சியில் ஜோஸ்லினின் திறமையை நாம் கண்ணால் பார்க்கிறோம். கேள்வி, முகம், மாற்றம், கண்ணீர் என்று ஒவ்வொரு படியும் நம் முன்னால் நடக்கிறது. இறுதி அத்தியாயத்தில் அந்தப் படிகள் ஏதும் கிடையாது; விளைவு மட்டும் அறிவிக்கப்படுகிறது. முதல் காட்சி போட்ட ஒப்பந்தத்தை இறுதிக் காட்சி மீறிவிட்டது.

டெட்ரோஸின் குற்றப் பின்னணி ஒன்று போதும் இதை விளக்க. ஜோஸ்லினின் மேலாளர்கள் அவன் உண்மைப் பெயரையும் பழைய வழக்குகளையும் தோண்டியெடுத்துப் பத்திரிகையாளர் டாலியாவின் கைக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். மேலாளர் ஹைம், ஓநாயும் சிறுமியும் வரும் பழைய கதையைத் தனக்கே உரிய முறையில் டெட்ரோஸிடம் சொல்லி அவனைத் துரத்துகிறார். இந்த அத்தியாயத்திலேயே சிறந்த காட்சி அதுதான். ஹைமாக வரும் ஹேங்க் அசாரியா ஒரு குரல் உயர்வுகூட இல்லாமல் அச்சுறுத்துகிறார். ஆக, அவன் யாரென்று துறை முழுவதும் அறிந்துவிட்டது. அதே ஆளை ஆறு வாரத்தில் மேடையேற்றிக் காதலன் என்று அறிவித்தால் மறுநாள் காலை என்ன நடக்கும்? விளம்பர ஆதரவாளர்கள் விலகுவார்களா? நிக்கி இசைத்தொகுப்பை நிறுத்திவைப்பாரா? அரங்கின் பின்புறம் நின்றுகொண்டு ஹைமும் நிக்கியும் ஃபிங்கெல்ஸ்டீனும் திகைத்துப் பார்க்கிறார்கள். கேமரா அந்தத் திகைப்பைப் பதிவு செய்துவிட்டு நகர்கிறது. அந்தத் திகைப்புக்குப் பிறகு வரும் உரையாடலைக் கேட்கத்தான் நான் ஐந்து வாரம் காத்திருந்தேன்.

படத்தொகுப்பு_மேசை:

இந்த முடிவின் வடிவத்தைப் புரிந்துகொள்ள, தொடர் உருவான விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் இயக்கிய ஏமி சைமெட்ஸ், பெரும்பகுதி படப்பிடிப்பு முடிந்திருந்த நிலையில் 2022 ஏப்ரலில் விலகினார். பிறகு சாம் லெவின்சன் இயக்கத்தில் கதை பெருமளவு மாற்றி எழுதப்பட்டு மீண்டும் படமாக்கப்பட்டது. ஆறு அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் ஐந்தாகச் சுருங்கியது. 2023 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதல் இரண்டு அத்தியாயங்கள் திரையிடப்பட்டபோதே விமர்சகர்களின் வரவேற்பு கசப்பாகத்தான் இருந்தது.

இறுதி மேடைக் காட்சிக்கான படப்பிடிப்பு, டெட்ரோஸாக நடித்த, தி வீக்எண்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற பாடகர் ஏபெல் டெஸ்ஃபாயே 2022 செப்டம்பரில் சோஃபை அரங்கில் நடத்திய சொந்தக் கச்சேரியோடு ஒட்டி நடந்தது. அதாவது அங்கே கூடியிருந்த கூட்டம் டெஸ்ஃபாயேவுக்காகக் கட்டணம் செலுத்தி வந்த கூட்டம். அப்படிப்பட்ட கூட்டத்தின் முன் ஒரு கற்பனைப் பாடகியை முழுப் பாடல் பாடவைத்துப் படமாக்குவதற்கு நேரமும் ஏற்பாடும் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் முடிக்கக்கூடிய ஓர் அறிமுகம், ஒரு முத்தம், ஒரு திரும்பல் என்று காட்சி சுருங்கியதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

காணாமற்போன ஓர் அத்தியாயத்தின் தடம் ஐந்தாவது அத்தியாயம் முழுவதும் தெரிகிறது. டயானுக்கு முறையான முடிவே இல்லை. வீட்டுக்குள் வந்து தங்கி அங்கே நடப்பதையெல்லாம் கவனித்த இன்னொரு மேலாளர் டெஸ்டினி, கவனித்ததை வைத்து என்ன முடிவுக்கு வந்தார் என்பது நமக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. டெஸ்டினியாக வரும் டாவைன் ஜாய் ராண்டால்ஃப் எப்படிப்பட்ட நடிகை என்பதை அடுத்த ஆண்டே வேறொரு படத்துக்காக அவர் பெற்ற ஆஸ்கர் விருது எல்லோருக்கும் காட்டிவிட்டது. அவரை ஒரு மூலையில் நிற்கவைத்துப் பார்க்கவைத்தது பெரிய வீணடிப்பு.

நள்ளிரவு_வாசகி:

உருவாக்கத்தின் வரலாறு விளக்கமாக இருக்கலாம்; பார்வையாளருக்கு அது சமாதானம் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திரையில் இருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். இருந்தாலும் இயக்குநர் மாறியதை நீங்கள் குறிப்பிட்டதும் ஒன்று தெளிவாயிற்று. முதல் இரண்டு அத்தியாயங்களில் கதை பெரும்பாலும் ஜோஸ்லினின் தோள் பக்கத்திலிருந்து நகர்கிறது. அவள் தூக்கமின்மை, அவள் வியர்வை, அவள் தனிமை எல்லாவற்றுக்கும் நாம் அருகில் இருக்கிறோம். இறுதி அத்தியாயத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. டெட்ரோஸின் கண் வழியாகவே அவளைப் பார்க்கிறோம்: அவன் அழைப்புச் சீட்டை வாங்குகிறான், அவன் நடைபாதையில் நடக்கிறான், அவன் சீப்பைக் கையில் எடுக்கிறான், அவன் திகைக்கிறான். வென்றவள் அவள் என்று சொல்லிக்கொண்டே தோற்றவனின் மனத்துக்குள் நம்மை உட்காரவைத்திருக்கிறார்கள். அவள் வெற்றி நமக்குள் எதையும் அசைக்காததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

லியாவையும் நினைத்துப் பாருங்கள். ஜோஸ்லினுக்கு உதவியாளராகவும் தோழியாகவும் இருந்து, அந்த வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் பார்த்துப் பதறிய ஒரே ஆள் அவள்தான். ரேச்சல் செனட் அந்தப் பதற்றத்தை மிக நுட்பமாகச் செய்திருந்தார். அவள் வேலையை விட்டுப் போய்விடுகிறாள். அவள் போனதை ஜோஸ்லின் எப்படி எடுத்துக்கொண்டாள்? வருந்தினாளா, நிம்மதி அடைந்தாளா? ஆட்டிவைப்பவளாக மாறியதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்பதைக் காட்ட லியாவின் வெளியேற்றத்தைவிட நல்ல வாய்ப்பு வேறு இருந்திருக்காது.

கடைசி_இருக்கை:

கண்ணோட்டம் மாறியது பற்றிய நள்ளிரவு_வாசகியின் கருத்து என்னை யோசிக்க வைத்தது. இதற்கு என் பதில்: கண்ணோட்டம் மாறியது பிழை அல்ல, அதுவே உத்தி. ஏமாற்றுபவரின் மனத்துக்குள் நம்மை உட்காரவைத்தால் ஏமாற்று நமக்கு முன்பே தெரிந்துவிடும். ஆகவே ஏமாறுபவனோடு நடத்திச் செல்கிறார்கள். இந்த உத்தி துப்பறியும் கதைகளில் காலங்காலமாகக் கையாளப்படுவதுதான்.

ஆனால் அந்த உத்திக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. திரும்பப் பார்க்கும்போது முந்தைய காட்சிகள் புதுப் பொருள் தர வேண்டும். அந்த நிபந்தனையோடு தொடரை முதலிலிருந்து மீண்டும் பார்த்தேன். முதல் காட்சி தருகிறது. இரவுணவுக் காட்சி, நீங்கள் சொல்லும் அறச்சிக்கலை ஒதுக்கிவைத்தால், தருகிறது. இசைத் தயாரிப்பாளர் மைக் டீன் தன் சொந்தப் பெயரிலேயே தோன்றும் நான்காவது அத்தியாயத்தின் ஒலிப்பதிவுக் காட்சியும் தருகிறது. அங்கே தனக்கு வேண்டியது என்னவென்று அவள் டெட்ரோஸிடமிருந்து கறந்துகொள்கிறாள் என்று பார்க்க முடிகிறது. பாடல் படப்பிடிப்பில் அவள் உடைந்து அழும் காட்சி மட்டும் தரவில்லை. அங்கே டெட்ரோஸ் இல்லை. அவளுக்கு யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. படம் எடுக்கும் பணம் நிமிடத்துக்கு நிமிடம் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த அழுகை உண்மை. அப்படியானால் தாயின் இழப்பு உண்மை, தாய் மீதான ஏக்கமும் உண்மை. அந்தத் தாயை ஓர் ஆணைப் பிடித்துவைப்பதற்காகக் கொடுமைக்காரியாகச் சித்திரித்தவள் எத்தகைய மகள்? இந்தக் கேள்வியைத் தொடர் கேட்டிருந்தால் இறுதி அத்தியாயத்தை நான் முழுமனத்தோடு ஆதரித்திருப்பேன்.

மூன்றாம்_காலம்:

அந்தக் கேள்விக்கு இரண்டாவது சீசனில் இடம் வைத்திருந்தார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எச்.பி.ஓ. 2023 ஆகஸ்டிலேயே தொடரை நிறுத்திவிட்டது. அதனால் சீசனின் முடிவாக எழுதப்பட்டதே தொடரின் முடிவாகவும் ஆகிவிட்டது. இதை மனத்தில் கொண்டு பார்த்தால் அந்த அரங்கக் காட்சி இன்னும் மெலிந்து தெரிகிறது.

மேடைக்குப்பின்:

கடைசியாக ஒன்று சொல்கிறேன். வீட்டு வரவேற்பறைக் காட்சி நடந்த அதே இரவில் கதையை நிறுத்தியிருந்தால் போதும் என்பது என் எண்ணம். அரங்கமே வேண்டாம். பாடியவர்கள் உறங்கப் போன பிறகு ஃபிங்கெல்ஸ்டீன், நிக்கி, ஹைம், டெஸ்டினி நால்வரும் ஜோஸ்லினோடு ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஏற்பாட்டாளர் உத்தரவாதத் தொகையைக் குறைக்கப் பார்க்கிறார், காப்பீட்டுச் சிக்கலைக் காரணம் காட்டுகிறார். அவள் தொகையைக் குறைக்கச் சம்மதித்து, அதற்கு ஈடாகப் பாடல் வரிசையும் தொடக்கப் பாடகர்களும் தன் முடிவு என்று எழுத்தில் கேட்கிறாள். நிக்கி டயானின் பெயரை எடுக்கிறார். ஜோஸ்லின் அதற்கும் ஒரு விலை சொல்கிறாள். டெட்ரோஸின் பெயர் யார் வாயிலும் வரவில்லை, அவள் வாயிலும் வரவில்லை. பிறகு அவள் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை இழுத்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் மனநலச் சிகிச்சை பெற்றீர்களா என்ற கேள்விக்கு எதிரே இருக்கும் கட்டத்தை நிரப்ப வேண்டும். உண்மையை எழுதினால் இசைப்பயணம் நடக்காமல் போகலாம். பொய் எழுதினால் எதிர்காலத்தில் ஒரு கச்சேரி ரத்தானாலும் மொத்தக் கடனும் அவள் தலையில் விழும். இதற்கு ஒரு மேசை, ஐந்து நடிகர்கள், ஒரு பேனா போதும். அந்த ஐந்து நடிகர்களும் அந்தத் தொடரில் ஏற்கெனவே இருந்தார்கள்.

தாளக்கட்டு:

அந்தப் படிவத்தில் அவள் பொய்தான் எழுதுவாள் என்று நினைக்கிறேன். எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைக்காமலே, முதல் நாள் கச்சேரிக்கு எந்தப் பாட்டோடு தொடங்கலாம் என்று நிக்கியிடம் கேட்பாள். அந்தப் பாட்டை நாமும் கேட்டிருப்போம்.